படத்தில் இழுத்த சிவப்புக் கோட்டினை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள்

திருகோணமலைக்கு மெட்ரோ ரெயில் வருகிறது, பாதை இதுதான் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து, "சேர், எங்கட காணி இதில எங்க வருது எண்டு குறிச்சுத் தாங்க" என்று கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நான் உரிமம் பெற்ற நில அளவையாளர். காணி உறுதிப் பத்திரமும் பழைய பிளானும் கொண்டுவந்தால் எல்லைக் கல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வேன். கூகுள் மெப்பின் மேல் யாரோ விரலால் இழுத்துவிட்ட சிவப்புக் கோட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

இவ்வளவு நாளும் சிரித்துவிட்டு இருந்தேன். கடைசியாக வந்த குடும்பத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு அம்மாவும் மருமகனும் வந்தார்கள். மகன் கனடாவில். சாம்பல்தீவுப் பக்கம் 20 பேர்ச் துண்டு ஒன்றுக்கு, அக்கம்பக்கத்து விலையைவிட நன்றாகவே கூட்டிப் பேசி முற்பணமும் கொடுத்துவிட்டார்கள். "ஸ்டேஷன் சரியா இந்த இடத்திலதான்" என்று புரோக்கர் போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார். நான் பிளானை விரித்துப் பார்த்தேன். அந்தக் காணிக்குப் போகிற பத்தடிப் பாதை பிளானிலும் இல்லை, உறுதியிலும் இல்லை. பக்கத்து வளவுக்காரர் இன்றைக்குப் போக விடுகிறார், அவ்வளவுதான். நாளைக்கு அவர் வேலியை அடைத்தால் வழியுரிமை கேட்டு வழக்குப் போட வேண்டும். அது எத்தனை வருடம் இழுக்கும் என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள். இதையெல்லாம் விளக்கி முடித்ததும் மருமகன் கேட்டார்: "அது சரி சேர், கோடு காணிக்கு மேலால போகுதா, பக்கத்தால போகுதா?"

சரி, அந்தக் கேள்விக்கே வருகிறேன். ஏனென்றால் படித்தவர்களும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள்.

திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுவதும் உங்கள் போன் திரையில் ஒரு 14 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அப்படியென்றால் திரையில் 1 சென்டிமீட்டர் நிலத்தில் 1 கிலோமீட்டர். 1 மில்லிமீட்டர், 100 மீட்டர். அந்தச் சிவப்புக் கோடு 2 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும். ஆக, கோட்டின் அகலம் மட்டுமே நிலத்தில் 200 மீட்டர். 20 பேர்ச் என்பது சுமார் 506 சதுர மீட்டர். சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் 22 மீட்டர் சொச்சம். கோட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குள் இப்படியான வளவுகள் எட்டோ ஒன்பதோ வரிசையாக நிற்கும். உங்கள் காணி கோட்டுக்கு மேலேயா பக்கத்திலேயா என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் பதிலே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். விரலால் பெரிதாக்கும்போது கோடும் சேர்ந்துதான் தடிக்கிறது. நிலஅளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்திலேயே 1 மில்லிமீட்டர் என்பது 50 மீட்டர். முறையாக அளந்து அச்சிட்ட அந்த வரைபடத்தை வைத்தே நாங்கள் ஒருவரின் வேலியைப் பற்றிப் பேச மாட்டோம்.

உண்மையான திட்டங்களிலும் முதலில் வெளிவருவது "இந்தப் பக்கத்தால் போகலாம்" என்ற ஒரு பட்டைதான். மண்ணைத் துளைத்துப் பார்ப்பது, வளைவு, ஏற்ற இறக்கம் எல்லாம் பொறியியலாளர்களின் பாடு, அதை விடுவோம். பட்டை வந்த பிறகும் என்ன நடக்கும் என்பதற்குக் கொழும்பைப் பாருங்கள். மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீட்டர், 16 நிலையங்கள் கொண்ட இலகு ரெயில். 2019 மார்ச்சில் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவுடன் கடன் ஒப்பந்தமே கையெழுத்தானது. 2020 செப்டெம்பரில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச திட்டத்தை நிறுத்தச் சொன்னார். கடனும் வரைபடமும் இருந்த திட்டத்துக்கே அந்தக் கதி. சென்னையில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குத் தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரெயிலை நீட்ட 5 கிலோமீட்டர் பாதை; கடைசி அரைக் கிலோமீட்டர், காணி நட்டஈட்டு வழக்குகளால் பத்து வருடத்துக்கு மேல் தொங்கிக் கிடந்தது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திலும் முதல் வரைபடத்தில் இருந்த சில நிலையங்கள் பிறகு கைவிடப்பட்டன. அந்த நிலையங்களை நம்பி வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா?

இனி எங்கள் ஊர் மெட்ரோவைத் தாங்குமா என்று பார்ப்போம். முதலில் இந்தியாவின் அளவுகோலை எடுங்கள். 2025 நவம்பரில் இந்திய மத்திய அரசு கோயம்புத்தூர், மதுரை மெட்ரோத் திட்டங்களைத் திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டு மெட்ரோக் கொள்கை 20 லட்சம் சனத்தொகை கேட்கிறது, 2011 கணக்கின்படி இந்த நகரங்களில் அவ்வளவு இல்லை என்றார்கள். அதில் நியாயம் உண்டா இல்லையா என்பது அவர்கள் சண்டை. திருகோணமலை மாவட்டம் முழுவதற்கும் 2012 குடிசன மதிப்பீட்டில் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர்தான். கந்தளாய், மூதூர், கிண்ணியா எல்லாம் சேர்த்து! மெட்ரோ என்பது காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் ஒரே திசையில் பல்லாயிரம் பேர் போனால்தான் கட்டுப்படியாகும். நிலாவெளிக்கு ஓடும் பஸ்ஸில் அந்த நேரத்தில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு வந்து என்னோடு வாதாடுங்கள்.

விமான நிலையத்தைத் தொட்டுச் சீனக்குடாவால் போக வேண்டும் என்று ஒரு கட்சி, கடற்கரை ஹோட்டல்களுக்காக உப்புவெளியால் என்று இன்னொரு கட்சி, கிண்ணியாவை விட்டுவிட்டு என்ன மெட்ரோ என்று மூன்றாவது கட்சி. சலூனில் முடி வெட்டப் போனாலும் இந்தப் பேச்சுத்தான். இந்த மூன்று கட்சியும் மறந்துவிடுவது என்னவென்றால், நகரத்தின் ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். நடுவில் மிஞ்சியதில் கடற்படைத் தளமும் கோட்டையும் இருக்கின்றன. சீனக்குடாப் பக்கம் விமானப்படையும் எண்ணெய்க் குதங்களும். இவற்றையெல்லாம் சுற்றிக்கொண்டு கோடு இழுப்பவருக்கு நான் தலை வணங்குகிறேன். கல்லோயாவிலிருந்து வரும் ரெயில் 1920களிலிருந்து இந்த ஊருக்கு ஓடுகிறது. அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் காணியெல்லாம் ஏன் இன்னும் தங்கமாகவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை.

படத்தில் இல்லாத கோடுகள்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். உள்ளூராட்சி சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். வீதியை அகலிக்க ஒதுக்கியது எவ்வளவு, வீதிப் பக்கம் கட்டடம் தாண்டக் கூடாத கட்டடக் கோடு எங்கே என்று அதில் தெரியும். 20 பேர்ச் வாங்கி 14 பேர்ச்சில் வீடு கட்டியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கடற்கரைப் பக்கம் என்றால், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீட்டர் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் அனுமதி எடுக்க வேண்டும். "எல்லாரும் கட்டியிருக்கினம்" என்பது அனுமதிப் பத்திரம் அல்ல. காடு, தொல்பொருள் எல்லைகளைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியை நொத்தாரிசிடம் எழுதி வாங்கிவிட்டேன் என்று வருபவர்களுக்கு என்ன சொல்வது? பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அந்த எழுத்து செல்லாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்குக் காசு அனுப்பும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்து, ஒரு நில அளவையாளர் காணியில் இறங்கிக் கல்லைக் காட்டும் வரைக்கும் முற்பணம் வேண்டாம். எங்கள் கூலி, நீங்கள் இழக்கப்போகும் முற்பணத்தில் ஒரு மூலைக்கும் வராது. இன்னொன்று, சென்னையில் மெட்ரோ ஓரம் பிளாட் பார்க்கும் ஆட்களுக்கு. இலங்கைக் குடியுரிமை உள்ளவர் இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே வீடோ காணியோ வாங்க முடியாது. அங்குள்ள மச்சான் பெயரில் வாங்கிவிடலாம் என்று நினைத்தால் அது பினாமிச் சட்டத்தில் போய் முடியும்.

பாதை ஒன்று, ரெயிலோ நெடுஞ்சாலையோ, உண்மையாகவே வந்தால் அது வட்ஸ்அப்பில் வராது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி 2ஆம் பிரிவு அறிவித்தல் முதலில் ஒட்டப்படும். அதைக் கண்டதும் காணி போய்விட்டது என்று அழாதீர்கள்; அந்தக் கட்டத்தில் அளந்து ஆராயத்தான் வருகிறார்கள். 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க நாள் குறிப்பிட்டிருக்கும், அந்த நாளைத் தவற விடாதீர்கள். 7ஆம் பிரிவு வந்தால் உறுதி, பிளான், வரிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றோடும் உரிமை கோர வேண்டும். நட்டஈடு அந்த அறிவித்தல் நாளின் சந்தை விலையை வைத்துக் கணிக்கப்படும். முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதினீர்களே, அது அப்போதுதான் கடிக்கும். விலைமதிப்பு உத்தியோகத்தர் அக்கம்பக்கத்து உறுதிகளைத்தான் புரட்டுவார். அவற்றிலும் எல்லாரும் குறைத்தே எழுதியிருப்பீர்கள்.

விவாதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பக்கத்தால் பாதை போக வேண்டும் என்று ஊர் பேசத்தான் வேண்டும். அதற்கு ஒரு இடமும் நேரமும் இருக்கிறது. ரெயில் பாதை அமைப்பது தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் விதித்துரைக்கப்பட்ட திட்டம், அதாவது தொடங்கும் முன் சுற்றாடல் அனுமதி எடுக்க வேண்டிய திட்டம். அதற்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கப்பட்டால், அந்த அறிக்கையைக் குறித்த காலத்துக்கு மக்கள் பார்வைக்கு வைப்பார்கள், கருத்தை எழுத்தில் கேட்பார்கள். சலூனில் பேசியதை அங்கே இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். வேறு திட்டங்களுக்கு இப்படி வைத்த அறிக்கைகளைப் பார்க்க நான் போயிருக்கிறேன். வருகைப் புத்தகத்தில் பெயர் எழுதப் பேனையை எடுத்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் என் பெயர்தான் முதலாவது.