கோபம் ஆற எவ்வளவு நேரம் ஆகும்?

தமிழில் கோபம் வரும், ஏறும், பொங்கும், தலைக்கேறும். போகும்போது மட்டும் அது ஆறுகிறது. கொதித்த தண்ணீர் ஆறுகிற மாதிரி, புண் ஆறுகிற மாதிரி. ஆறுவதற்கு நேரம் வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நேரம் எவ்வளவு என்று உடலியலைக் கேட்டுப் பார்த்தபோது, நிதானம் என்று நாம் சொல்லும் குணத்தைப் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது.

முதலில் கோபம் ஏறும் விதம். யாரோ நம்மைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூளையின் இரு பக்கமும் உள்ளே, வாதுமைக் கொட்டை அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி அபாயச் சங்கை ஊதுகிறது. செய்தி ஹைப்போதலாமஸ் என்ற மூளையின் அடிப்பகுதி வழியாக நரம்புகளுக்குப் போகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது, குடலுக்குப் போகும் ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் இதையெல்லாம் 1910களிலேயே சோதித்துக் காட்டிவிட்டார். நாய் குரைப்பதைக் கேட்டு மிரண்ட பூனையின் ரத்தத்தில் அட்ரினலின் இருப்பதை அவர் கண்டார். அந்த நிலையில் ரத்தம் உறைவதும் விரைவாகிறது என்றும் கண்டார். காயம் படப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே தயாராகிறது. எதிரே இருப்பது ஒரு கடுமையான மின்னஞ்சல்தான் என்பது அதற்குத் தெரியாது.

சரி, இது இறங்க எவ்வளவு நேரம்? ரத்தத்தில் உள்ள அட்ரினலின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் போதும். கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் மெதுவானது. சண்டை தொடங்கி 20, 30 நிமிடம் கழித்துத்தான் அது உச்சத்துக்கு வரும். வாக்குவாதம் முடிந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகும் உடம்புக்குள் அலை ஏறிக்கொண்டே இருக்கிறது.

முடுக்கம் இருக்கும் வண்டியில் பிரேக்கும் இருக்க வேண்டும் அல்லவா? என்னை வியக்க வைத்தது அந்தப் பிரேக்தான். நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாமல் தனியாக விட்டால் மனித இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். நரம்புகள் வெட்டுப்பட்டிருப்பதால் அவர்கள் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் இதயம் 90 முதல் 110 வரை துடிக்கிறது. மற்றவர்களுக்கு ஓய்வில் 60, 70, 80 என்று இருப்பதற்குக் காரணம், மூளைத் தண்டிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு இதயத்தை ஓயாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான். நாம் அமைதியாக இருக்கும் ஒவ்வொரு நொடியும் உடம்பு அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை 1921இல் ஆட்டோ லோவி என்ற மருந்தியலாளர் காட்டினார். அந்தச் சோதனைக்கான யோசனை அவருக்குத் தூக்கத்தில் வந்ததாம். பாதித் தூக்கத்தில் குறித்து வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு அதே யோசனை திரும்ப வர, இந்த முறை எழுந்து நேராக ஆய்வகத்துக்குப் போனார். இரண்டு தவளை இதயங்கள். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்துக்கு விட்டார். அதுவும் தளர்ந்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளை விட்டுத்தான் இதயத்தை அடக்குகிறது என்பது அன்று உறுதியானது. பிறகு அது அசிட்டைல்கோலின் என்று தெரிந்தது. 1936இல் லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வேகஸின் பிடி ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலேயே இறுகவும் தளரவும் கூடியது. இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளோ சூடாகச் சில நொடிகள் எடுக்கும், ஆறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும். ஆகவே சின்னச் சின்ன உரசல்களுக்குப் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். அட்ரினலினைக் கூப்பிடத் தேவையில்லை. நிதானமானவர் என்று நாம் மதிக்கும் ஒருவருக்குள்ளும் அபாயச் சங்கு ஊதத்தான் செய்கிறது. எரிச்சலே வராத மனிதர் என்று அவரை நினைத்தால், அவர் செய்யும் வேலை நம் கண்ணில் படாமல் போய்விடும்.

இதை இப்போதே தொட்டுப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு சற்று வேகமாகும். மெதுவாக விடுங்கள், தளரும். மூச்சை இழுக்கும்போது வேகஸ் பிடியை விடுகிறது, வெளியே விடும்போது பிடிக்கிறது. இளம் வயதினருக்கு இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற கணக்கில், விடும் மூச்சை நீட்டி விட்டால் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. கோபத்தில் இருப்பவரிடம் "மூச்சை இழுத்து விடு" என்று சொல்கிறோமே, அதில் விடுவதுதான் முக்கியம்.

ஒருநாள் மாலை வேலை சம்பந்தமாகத் தொலைபேசியில் ஒரு கடுமையான வாக்குவாதம். முடித்துவிட்டு, கோபம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து மகள் வந்து பாடத்தில் ஒரே சந்தேகத்தை இரண்டாம் முறை கேட்டாள். நான் கத்திய கத்தலில் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். அவள்தான் எரிச்சலூட்டினாள் என்று அந்த நேரத்தில் நான் உண்மையாகவே நம்பினேன்.

இந்த மயக்கத்தை 1970களில் டால்ஃப் ஜில்மன் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். கோபமூட்டப்பட்டவர்களை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பயிற்சி முடிந்த உடனே பதிலடி கொடுக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் அவ்வளவு மூர்க்கம் காட்டவில்லை. படபடப்புக்குச் சைக்கிள்தான் காரணம் என்று அவர்களுக்குத் தெரியும். சில நிமிடம் கழித்து வாய்ப்புக் கிடைத்தவர்கள்தான் கடுமையாக நடந்துகொண்டார்கள். உடம்பில் மிச்சம் இருந்த சூடு அவர்கள் கணக்கில் வரவில்லை. அது முழுவதும் கோபத்தின் பெயரில் எழுதப்பட்டது. ஒருவர் மூட்டிய சூடு இன்னொருவர் மேல் கொட்டுவது இப்படித்தான்.

அப்படியானால் அடக்கிக்கொண்டால் போதுமா? முகத்தில் காட்டாமல் விழுங்குவதை நிதானம் என்று எண்ணுவது பெரிய தவறு என்பது என் கருத்து. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனைகளில், உணர்ச்சியை மறைக்கச் சொல்லப்பட்டவர்களின் முகம் அமைதியானது, உள்ளே பரிவு நரம்புகளின் முடுக்கமோ கூடியது. 2003இல் வெளியான இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியமானது. முன்பின் அறியாத இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளும்போது ஒருவர் உணர்ச்சியை மறைத்தால், எதிரே இருந்தவரின் ரத்த அழுத்தமும் ஏறியது.

கொட்டித் தீர்த்தால் ஆறும் என்பதும் சரிவரவில்லை. பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 600 மாணவர்களுக்கு, அவர்கள் எழுதிய கட்டுரையை மட்டம் தட்டிக் கோபமூட்டினார்கள். மட்டம் தட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குத்தான் கடைசியில் அதிகக் கோபம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் பழிதீர்க்கும் வேகம் மிகக் குறைவாக இருந்தது. திரும்பத் திரும்ப நினைப்பது அடுப்பில் விறகு வைப்பதுதான்.

நன்றாக வேலை செய்வது ஓர் எளிய காரியம்: உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது. 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, கோபமான முகத்துக்கு 'கோபம்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்த நேரத்தில் அமிக்டலாவின் கொந்தளிப்பு குறைந்தது, நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் உள்ள ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. அந்த முன்பகுதிக்குத் தூக்கம் மிக அவசியம். அதே 2007இல் வந்த வேறோர் ஆய்வில், ஏறத்தாழ 35 மணி நேரம் விழித்திருந்தவர்களின் அமிக்டலா மோசமான காட்சிகளுக்கு 60 சதவீதம் அதிகமாக எகிறியது. அதை அடக்கும் முன்மூளையோடு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. தூக்கம் கெட்ட மறுநாள் ஒருவருடைய குணத்தை எடை போடுவது நியாயமே அல்ல.

இப்போது நான் அன்று மாதிரி ஒரு வாக்குவாதம் முடிந்தால் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: "எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அரை மணி நேரம் கொடுங்கள்." மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அப்புறம் புத்தகத்தோடு வருகிறாள்.