எஸ்.ஜி.பி.டி. நார்மல்தான், கல்லீரல்?

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும், வீட்டில் எல்லோர் கண்ணும் முதலில் போவது எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு வரிகளுக்குத்தான். அவை அளவுக்குள் இருந்தால் பெரிய நிம்மதி. ஆனால் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை அந்த வரிகள் சொல்வதில்லை.

இரண்டும் கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதிகள். செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். இன்றைக்கு எவ்வளவு சேதம் நடக்கிறது என்று தெரியும். எவ்வளவு செல் மிச்சம் இருக்கிறது என்று தெரியாது. பல வருடமாகத் தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலில் உடைவதற்கே செல் குறைவு. அதனால் முற்றிய சிரோசிஸிலும் இவை நார்மலாக வரலாம்.

சரி, எதைப் பார்ப்பது? கல்லீரல் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். ஆல்புமின் என்ற புரதத்தைக் கல்லீரல் மட்டுமே தயாரிக்கிறது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைவதும், கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடுவதும் சேர்ந்தால், கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். ஆல்புமினின் அரை ஆயுள் சுமார் 20 நாள். ஆகவே கல்லீரல் இன்று தளர்ந்தாலும் அது மெதுவாகத்தான் இறங்கும்.

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அப்படியல்ல. ரத்தம் உறைய உதவும் காரணிகளில் பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகின்றன. அவற்றில் ஏழாவது காரணியின் அரை ஆயுள் சில மணி நேரம்தான். உற்பத்தி தடைபட்டால் ஓரிரு நாளிலேயே ஐ.என்.ஆர். ஏறிவிடும். ஆனால் வைட்டமின் கே குறைந்தாலும் அது ஏறும். அதனால்தான் மருத்துவர் சில சமயம் வைட்டமின் கே கொடுத்துவிட்டு மறுபடியும் பார்க்கிறார். அப்போதும் இறங்கவில்லை என்றால் குறை கல்லீரலிலேயே இருக்கிறது என்று பொருள்.

இவற்றோடு, கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறக் கழிவான பிலிருபின், வயிற்று நீர், மனக்குழப்பம் ஆகியவற்றையும் சேர்த்து 5 முதல் 15 வரை மதிப்பெண் போடுவதுதான் சைல்டு-பியூ முறை. 10-ம் அதற்கு மேலும் வந்தால் சி பிரிவு, அதாவது மிகவும் முற்றிய நிலை. 1964-இல் சைல்டும் டர்காட்டும் வகுத்ததை 1973-இல் பியூ குழுவினர் திருத்தினார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) இந்தக் கணக்கில் இல்லை. ஆனாலும் அவை படிப்படியாகக் குறைந்து வந்தால் கவனியுங்கள். போர்ட்டல் அழுத்தத்தால் மண்ணீரல் வீங்கி அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வது, வேறு அறிகுறிகளுக்கு முன்பே ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும்.

அப்புறம் மெல்டு மதிப்பெண். பிலிருபின், ஐ.என்.ஆர்., சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் மூன்றையும் வைத்து 6 முதல் 40 வரை வரும்; கூடக் கூட நோய் தீவிரம். 2002 முதல் அமெரிக்காவில் கல்லீரல் மாற்று யாருக்கு முதலில் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கல்லீரல் நோய்க்குச் சிறுநீரகக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். சிரோசிஸ் முற்றும்போது ரத்தக் குழாய்கள் விரிந்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடல் தண்ணீரைத் தேக்கிவைக்க, சோடியமும் நீர்த்துப்போகிறது. 2016-இல் சோடியத்தையும் கணக்கில் சேர்த்தார்கள்.

இங்கும் அதே பொறி உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்துபோன நோயாளிக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும். பெண்களுக்குப் பொதுவாகவே தசை குறைவு என்பதால், அதே அளவு நோய் இருந்தும் அவர்களின் மதிப்பெண் தாழ்ந்து, வரிசையில் பின்னால் நின்றார்கள். 2023-இல் நடைமுறைக்கு வந்த மெல்டு 3.0 ஆல்புமினைச் சேர்த்தது, பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டியும் கொடுத்தது.