பஞ்சுக்குப் பிடிபடாத ஒலி

“அறையின் நான்கு சுவர்களிலும் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் ஒட்டிவிட்டேன். கைதட்டினால் எதிரொலி இல்லை. ஆனால் பாட்டைப் போட்டால் பேஸ் கிட்டாரின் சில சுரங்கள் என் நாற்காலியில் காணாமல் போகின்றன. சுவரோரம் போய் நின்றால் அவையே குமுறுகின்றன. வாங்கிய ஃபோம் போலியா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போலியாக இருக்க வேண்டியதில்லை. தான் பிடிக்க வேண்டிய அலைக்கு முன்னால் அது மிகவும் மெலிந்தது, அவ்வளவுதான்.

ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். 20 டிகிரி செல்சியஸில் ஒலி காற்றில் நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர், 86 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ ஏறத்தாழ 4 மீட்டர். வாசகரின் அறையும் 4 மீட்டர் நீளம் என்கிறார். அரை அலைநீளத்தின் முழு மடங்குகள் இரு சுவர்களுக்கிடையே சரியாகப் பொருந்தும்போது, போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து நிலை அலையாகிவிடும். அவருடைய அறையின் நீளவாக்கில் இது 43, 86, 129 ஹெர்ட்ஸ் என்ற வரிசையில் நிகழும்.

ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்து, 86 ஹெர்ட்ஸ் தொனியை மட்டும் ஒலிக்கவிட்டு, எதிர்ச்சுவரிலிருந்து மெல்ல நடந்து பாருங்கள். சுவரருகே முழங்கும் ஒலி, ஒரு மீட்டர் தள்ளி வந்ததும் ஏறக்குறைய அடங்கிவிடும்; அறை நடுவில் மீண்டும் எழும். அடங்கும் இடத்தில் நின்று தலையை ஒரு சாண் முன்னே நீட்டினால் போதும், ஒலி தலைகாட்டத் தொடங்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அந்த அமைதிதான். அங்கே ஒலி இல்லாமல் போகவில்லை. ஒலி என்பது காற்றின் அழுத்த மாற்றமும் காற்றுத் துகள்களின் முன்பின் ஊசலாட்டமும் சேர்ந்தது. சுவரில் முட்டும் காற்றுக்கு அசைய வழியில்லாததால் அது நெருக்குண்டு, அழுத்த மாற்றம் அங்கே உச்சத்தை அடைகிறது. கால் அலைநீளம் தள்ளி, அதாவது ஒரு மீட்டரில், அழுத்தம் மாறுவதே இல்லை, ஆனால் காற்று மிக வேகமாக ஊசலாடுகிறது. செவிப்பறை அழுத்தத்தை உணரும் தோல் என்பதால் அந்த ஊசலாட்டம் நமக்குக் கேட்பதில்லை. ஃபோமின் கதை நேர்மாறு: அதன் நுண்துளைகளுக்குள் ஓடிவரும் காற்று உராய்ந்து வெப்பமாவதால்தான் ஒலி அடங்குகிறது, அசையாத காற்று எதில் உராயும்? சுவரில் ஒட்டிய ஃபோம், காற்று அசையவே அசையாத இடத்தில் காவல் நிற்கிறது. அதன் 5 சென்டிமீட்டர், 1,715 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கால் அலைநீளம். அந்த அளவிலும் அதற்கு மேலும் அது நன்றாக வேலை செய்யும். கீழே இறங்க இறங்கத் திறன் குறைந்து, 86 ஹெர்ட்ஸில் ஒன்றுமில்லாமல் போகும். சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டினால் அறை ஸ்டுடியோ ஆகிவிடும் என்ற நம்பிக்கையும் இந்தக் கணக்கின் முன் நிற்பதில்லை; திருஷ்டிப் பூசணிக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

1895-இல் ஹார்வர்டின் ஒரு விரிவுரை அரங்கில் எதிர்முழக்கம் பேச்சையே விழுங்கியபோது, அங்கே பணியாற்றிய இயற்பியலாளர் வாலஸ் சாபின் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் தொடக்கத்தில் ஊதவிட்ட ஆர்கன் குழல் 512 ஹெர்ட்ஸ், அதாவது 67 சென்டிமீட்டர் அலை. மெத்தைகளால் சமாளிக்க முடிந்த நீளம். ஒரு குழலும் சில மெத்தைகளும் ஒரு துறையையே தொடங்கிவைத்தன என்பதை, விலையுயர்ந்த கருவிகளுக்கு மட்டுமே நிதி ஒதுக்குவோர் எண்ணிப் பார்க்கலாம்.

வாசகருக்கு வருவோம். பேஸை அடக்க, ஃபோமை விடத் தடித்த கனிமக் கம்பளிப் (மினரல் வுல்) பலகைகளை, காற்று அசையும் இடத்தை நோக்கி நகரும்படி பின்னால் காற்றிடைவெளி விட்டு மூலைகளில் நிறுத்தலாம்; எல்லா நிலை அலைகளும் அழுத்த உச்சம் கொள்ளும் இடம் மூலைதான் என்பதால், அழுத்தத்தால் அதிரும் மெல்லிய பலகைத் தடுப்புகளுக்கும் அதுவே பொருத்தம். அதற்கு முன் செலவில்லாத ஒன்றைச் செய்யுங்கள். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டரில் உட்கார்ந்தால் 86 ஹெர்ட்ஸ் மறையும். அறையின் நட்டநடுவில் 43-உம் 129-உம் மறையும். நாற்காலியை ஒன்றரை மீட்டரில் போட்டால், மூன்றில் எதுவும் முழுதாக மறையாது.