கொடைக்கானல் மலைப்பூண்டு: பெயர் போட்டு விற்க யாருக்கு உரிமை?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு (ஒரு பொருளின் சிறப்பு அது விளையும் ஊரால் வருவது என்பதற்கான சட்டப் பதிவு, சுருக்கமாக ஜிஐ) கிடைத்தது 2019-இல். அதோடு பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு போடுகிற எல்லோருக்கும் உரிமை வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்தப் பெயர்மீது 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் தரும் தனியுரிமை, ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிவு செய்தவருக்குத்தான். மானியமோ விலை உத்தரவாதமோ இதில் கிடையாது. பெயரை யாராவது திருடினால் வழக்குப் போடும் உரிமை உண்டு.

நிலத்துக்குக் குறைந்தபட்ச அளவு எதையும் சட்டம் சொல்லவில்லை. வரிசைக்கு வரிசை 15 செ.மீ., பல்லுக்குப் பல் 10 செ.மீ. விட்டு ஊன்றினால், நடைபாதை போக ஒரு சென்ட்டில் ஏறத்தாழ 2,000 பல் பிடிக்கும். கொல்லையில் அவ்வளவு போடுகிறவரும் விண்ணப்பிக்கலாம்.

பயனாளராகப் பதிவதற்கான ஜிஐ-3 படிவத்தைச் சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். முன்பு 500 ரூபாயாக இருந்த கட்டணம் 2020-இல் 10 ரூபாயாகக் குறைந்தது. பணம் பிரச்சினையே இல்லை; நீங்கள்தான் விளைவித்தீர்கள் என்று காட்டுவதில்தான் சிக்கல். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அல்லது நிலம் குத்தகையாக இருக்கும். சட்டம் கேட்பது நில உரிமையாளரை அல்ல, விளைவிப்பவரை. ஆகவே அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில்) ‘பூண்டு’ என்று பயிர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் பாருங்கள். வீட்டுத் தோட்டம் அடங்கலில் வராது. தோட்டக்கலை உதவி அலுவலரிடம் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. விதைப்பூண்டு வாங்கிய இடம், ஊன்றிய தேதி, தாளோடு கட்டிப் புகையில் தொங்கவிட்ட பூண்டின் எடை, இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பதிவு 10 ஆண்டுக்கு. மலைப்பூண்டின் புவிசார் குறியீட்டுப் பதிவு அதற்கு முன்பே காலாவதியானால் உங்களுடையதும் போகும். இதை விற்கவோ இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கவோ முடியாது. பதிவு செய்தவர் இறந்தால் வாரிசுக்குச் சேரும்.

தேனி மாவட்டத்தின் வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு மூட்டையாகப் போனபின் எது எந்த மலைப் பூண்டு என்று கண்டுபிடிப்பது கடினம். பதிவு செய்த உங்களிடம் முறையாக வாங்கிய பூண்டை வியாபாரி பை போட்டு விற்பது, பூண்டு கெடாதவரை, உரிமை மீறல் ஆகாது; பதப்படுத்துபவர், பொட்டலமிடுபவரையும் சட்டம் உற்பத்தியாளராகவே கொள்வதால் அவரும் பதிவு செய்துகொள்ளலாம். வெளியூர்ப் பூண்டை இந்தப் பெயரில் விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். கொடைக்கானல் விதையை வாங்கி ஊட்டியில் போட்டாலும் அது ஊட்டிப் பூண்டுதான்.