ஈ அடிக்கிற மட்டையோடு ஒரு சூப்பர் ஹீரோ

எட்டு வயதுப் பையன், இரண்டு காதுக்கும் கேட்பதற்கான மெஷின். ஒரு புதன்கிழமை பயிற்சிக்கு வந்தபோது காது இரண்டும் வெறுமையாக இருந்தன. மெஷினோடு காதுக்குள் பொருந்தும் அச்சு சின்னதாகிப் போயிருக்கும், விசில் அடிக்கும், அதனால் கழற்றியிருப்பான் என்று நினைத்தேன். வளர்கிற பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடப்பதுதான். எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அச்சு சரியாகவே இருந்தது, பேட்டரியும் புதுசு.

அம்மாதான் சொன்னார். "சனிக்கிழமையிலிருந்து போட மாட்டேங்கிறான் மேடம். மெஷின் போட்டா பவர் போயிடுமாம். நீங்கதான் சொன்னீங்களாம்."

நான்தான் சொல்லியிருந்தேன்.

காது கேளாத குழந்தைகளுக்கு மெஷின் பொருத்திப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். சனிக்கிழமைகளில் கடைசி அரை மணி நேரம் கதைக்கு. அந்த வாரம் ஹென்றியேட்டா லீவிட் என்ற அமெரிக்க வானியலாளரை சூப்பர் ஹீரோவாக்கிக் கதை சொன்னேன். கேட்கும் திறன் நாளடைவில் மிகவும் குறைந்துபோனவர் அவர். பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கட்டுமே என்று, "காது கேட்காததால் அவங்க கண்ணுக்கு சூப்பர் பவர் வந்துச்சு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். கைதட்டல் வாங்கின வரி அது. பையன் அதை அப்படியே கணக்குப் போட்டுவிட்டான். காது கேட்காவிட்டால் பவர், கேட்டால் பவர் இல்லை, ஆகவே மெஷின்தான் எதிரி.

சூப்பர் ஹீரோ கதையின் இலக்கணம் அப்படி. ஏதோ ஒன்று கடிக்கும், ஏதோ ஒன்று வெடிக்கும், சக்தி வந்துவிடும். அந்த அச்சில் ஒரு நிஜ மனுஷியை ஊற்றினால் அவருடைய குறையே சக்திக்குக் காரணமாகிவிடுகிறது. உழைப்பு காணாமல் போய்விடுகிறது. என் தொழிலில் இன்னொரு சேதமும் உண்டு. மெஷின் வைத்துக் கேட்கிற குழந்தையின் மூளை சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் பேச்சாகப் பிரிக்கப் பழகும். தூங்கும் நேரமும் குளிக்கும் நேரமும் போக மற்ற நேரமெல்லாம் மெஷின் காதில் இருக்க வேண்டும் என்று பெற்றோரிடம் படித்துப் படித்துச் சொல்கிறவள் நான். என் கதையால் ஒரு குழந்தைக்கு ஐந்து நாள் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை, "போன வாரம் மிஸ் தப்பா சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்து, கதையை முதலிலிருந்து சொன்னேன்.

இந்த முறை பவரை ஒதுக்கிவிட்டு அவர் செய்த வேலையைச் சொன்னேன். அந்தக் காலத்தில் ஹார்வர்டு வான் ஆய்வகத்தில் பெண்களுக்கு இரவில் தொலைநோக்கி பார்க்கும் வேலையைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. பகலில் உட்கார்ந்து, வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளைப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அந்தப் பெண்களுக்குப் பெயரே 'கம்ப்யூட்டர்'. (இதைச் சொன்னதும் பத்து நிமிடம் வகுப்பு என் கையில் இல்லை.) தகடுகள் தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் எடுத்து, கப்பலில் வந்தவை. வானம் வெளுப்பாகவும் நட்சத்திரங்கள் கரும்புள்ளிகளாகவும் இருக்கும் நெகட்டிவ்கள். ஒரே இடத்தை வேறு வேறு நாளில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டு, எந்தப் புள்ளி பெருத்தது, எந்தப் புள்ளி இளைத்தது என்று லீவிட் தேடினார். சம்பளம் மணிக்கு 30 சென்ட்.

"சூப்பர் ஹீரோவுக்கு சம்பளமா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம், அதுவும் குறைச்சல் சம்பளம்.

புள்ளியின் அளவைப் பார்க்க அங்கே ஒரு கருவி வைத்திருந்தார்கள். ஒரு காம்பின் நுனியில் சின்னக் கண்ணாடித் துண்டு. அதில் பெரிதிலிருந்து சிறிதுவரை வரிசையாக நட்சத்திரப் புள்ளிகள். அதைத் தகட்டின்மேல் பிடித்து, எந்தப் புள்ளியோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். பார்க்க ஈ அடிக்கிற மட்டை மாதிரியே இருக்கும், கூப்பிட்டதும் ஏறக்குறைய அந்தப் பெயரில்தான். ஓஎச்பி ஷீட்டை வெட்டி ஐஸ் குச்சியில் ஒட்டி, மார்க்கரால் புள்ளி வைத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். அன்றைக்கு வரைந்த படங்கள் எல்லாவற்றிலும் சூப்பர் ஹீரோ கையில் ஈ மட்டை! பறக்கும் அங்கியை வரையச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை, யாரும் அதைத் தேடவும் இல்லை.

வில்லன் யார் என்ற கேள்வி வந்தது. அதற்கு ஹைவேயைத்தான் துணைக்கு அழைத்தேன். இருட்டில் தூரத்தில் ஒரு வெளிச்சம் மங்கலாகத் தெரிகிறது. பக்கத்தில் வருகிற சைக்கிள் விளக்கா, தொலைவில் வருகிற லாரி விளக்கா? வெறுமே பார்த்தால் தெரியாது. நட்சத்திரமும் அப்படித்தான் ஏமாற்றும். மங்கலாக இருப்பது இயல்பிலேயே வெளிச்சம் குறைந்த நட்சத்திரம் என்பதாலா, எட்டத்தில் இருக்கிறது என்பதாலா?

1908-ல் லீவிட், மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு நட்சத்திரக் கூட்டங்களில் 1,777 மாறும் விண்மீன்களை, அதாவது வெளிச்சம் ஏறி இறங்கும் விண்மீன்களை, பட்டியல் போட்டார். அவற்றில் 16-க்கு மட்டும், ஒரு முறை ஏறி இறங்க எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட முடிந்தது. அந்தப் பதினாறிலேயே, பிரகாசமானவை நிதானமாகத் துடிக்கின்றன என்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. 1912-ல் சிறிய மெகல்லன் மேகத்தின் 25 விண்மீன்களை வைத்து அதை நிறுவினார். ஒன்று ஒன்றேகால் நாளில் ஒரு சுற்றுத் துடிக்கும், இன்னொன்றுக்கு 127 நாள். எல்லாம் ஒரே மேகத்தில் இருப்பதால் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம். ஆகவே அங்கே பிரகாசமாகத் தெரிவது நிஜமாகவே பிரகாசமானது. இனி எந்த மூலையில் இந்த வகை விண்மீனைப் பார்த்தாலும் துடிப்பை எண்ணினால் போதும், அதன் நிஜ வாட்ஸ் தெரிந்துவிடும். கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் தூரமும் கிடைத்துவிடும். சைக்கிளா லாரியா என்று விளக்கே சொல்லிவிடுகிற மாதிரி.

சைகையில் பேசும் இரண்டு பிள்ளைகள் அன்றே லீவிட்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கைவிரல்களைக் குவித்து, மெதுவாக விரித்து, மறுபடி குவிப்பது. இப்போது எல்லாருக்கும் அதுதான் அவர் பெயர்.

1912-ல் வந்த அந்த அறிக்கையின் கீழே இருந்த கையெழுத்து ஆய்வக இயக்குநர் பிக்கரிங்குடையது. தயாரித்தவர் மிஸ் லீவிட் என்று முதல் வரியிலேயே அவர் சொல்லியிருக்கிறார் என்றாலும் பிள்ளைகள் சமாதானமாகவில்லை. "என் நோட்ல அவன் பேரா?" லீவிட் 1921 டிசம்பரில் புற்றுநோயில் இறந்துபோனார், வயது 53. 1923 அக்டோபரில் வானியலாளர் எட்வின் ஹப்பிள், ஆண்ட்ரோமெடா என்ற மங்கலான ஒளித்திட்டில் இதே வகை விண்மீன் ஒன்றைப் பிடித்து, அது நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் இன்னொரு நட்சத்திரக் கூட்டம் என்று காட்டியது லீவிட்டின் கணக்கை வைத்துத்தான். நோபலுக்குப் பரிந்துரைக்க நினைத்து 1925-ல் ஸ்வீடனிலிருந்து ஒரு கணித அறிஞர் லீவிட்டுக்குக் கடிதம் எழுதினார். லீவிட் உயிரோடு இல்லை என்பது அந்த அறிஞருக்குத் தெரியாது. இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன், தாங்கிக்கொண்டார்கள்.

காது விஷயத்தை மறைக்கவும் கூடாது. ஒரு சிறுமி தன் மெஷினைத் தொட்டுக் காட்டி, "அவங்களுக்கும் இப்படியா?" என்று கேட்டபோது ஆமாம் என்றேன். அதே ஆய்வகத்தில் லட்சக்கணக்கான நட்சத்திரங்களை வகை பிரித்த ஆனி ஜம்ப் கேனனுக்கும் கேட்பது குறைவு, அவர் கருவி வைத்துக்கொண்டார் என்றும் சொன்னேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒருமுறை சொல்லிவிட்டு நட்சத்திரத்துக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். "காது போனா கண்ணு கூர்மையாகும்" என்று உறவுக்காரர்கள் ஆறுதல் சொல்வார்கள். அதை நம்பி மெஷினைத் தள்ளிப்போடும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். எல்லாக் குழந்தைக்கும் பொருந்துகிற உண்மை இல்லை அது. அப்புறம், தள்ளிப்போட்ட மாதங்களைத் திரும்ப வாங்க முடியாது.

கதையோடு விட வேண்டாம் என்று ஒரு வீட்டுவேலையும் கொடுத்தேன். ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை முன்னிரவில் திருவோண நட்சத்திரம் நன்றாகத் தெரியும். அதற்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி, லீவிட் தேடிய அதே வகையில் ஒரு விண்மீன் வெறும் கண்ணுக்கே தெரிகிறது. பெயர் ஈட்டா அக்விலே. ஒரு சுற்றுக்கு 7 நாளும் 4 மணி நேரமும். தெருவிளக்கு மறையும் மொட்டை மாடி வேண்டும். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, தினமும் ஒரு வட்டம் வரைய வேண்டும். பிரகாசமாக இருந்தால் பெரிசு, மங்கினால் சிறிசு.

மெஷினைக் கழற்றிய பையனின் அம்மா மூன்று வாரம் கழித்து நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். மேல் மூலையில் சூப்பர் ஹீரோ. ஒரு கையில் ஈ மட்டை, காதுக்குப் பின்னால் நீலக் கலர் மெஷின். லீவிட் காலத்தில் அந்த மாதிரி மெஷின் கிடையாது, பரவாயில்லை. கீழே கட்டம் போட்டு வட்டங்கள். கடைசி வாரம் நாலு நாள் மழை. அந்த நாலு கட்டத்திலும் வட்டம் இல்லை. "மேகம். பாக்கல" என்று பென்சிலில் எழுதியிருந்தான்.