எட்டுக் கால் சிப்பில் கை வைப்பதற்கு முன்

கணினியை எழுப்பும் முதல் மென்பொருளான பயாஸை மாற்றி எழுதப் போகிறேன், எந்த மென்பொருள் நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாளைக்கே மதர்போர்டு பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டால், அந்தப் போர்டின் தயவே இல்லாமல் பழைய பயாஸைத் திரும்ப எழுத உங்களிடம் வழி இருக்கிறதா? இல்லை என்றால் மென்பொருள் எதுவானாலும் ஒன்றுதான். விண்டோஸ் கெட்டால் பென்டிரைவைச் செருகி மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் பென்டிரைவைப் படிக்க பயாஸ் உயிரோடு இருக்கிறது. பயாஸே கெட்டுவிட்டால் பென்டிரைவைப் படிக்க அங்கே ஆள் கிடையாது. திரை வராது, கீபோர்டு விளக்கு எரியாது, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த பயாஸ் குடியிருப்பது சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புச் சிப் ஒன்றில். பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால், ஒரு மூலையில் முதல் காலைக் காட்டும் சின்னப் புள்ளி, முதுகில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும் எழுத்துகள். அந்த எழுத்துகளைப் படிப்பதில்தான் வேலையே தொடங்குகிறது. 25கியூ128 என்று இருந்தால் 128 எம்பி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்; அது மெகாபிட், எட்டால் வகுத்தால் 16 எம்பி. 64 என்றால் 8 எம்பி. அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் வரும் ஒன்றிரண்டு எழுத்துகள் இன்னும் முக்கியம், சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் தேடிப் பார்க்க அவைதான் துப்பு.

உள்ளே இருப்பது நார் ஃப்ளாஷ் வகை நினைவகம். இதில் 1 என்ற பிட்டை 0 ஆக்கலாம், ஆனால் 0 ஆனதைத் தனியாக மறுபடி 1 ஆக்க முடியாது. அதற்குக் குறைந்தது 4 கேபி பரப்பை மொத்தமாக அழித்தாக வேண்டும், அழித்தால் அத்தனை பிட்டும் 1 ஆகிவிடும், பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் வரிவரியாக எஃப்எஃப் எஃப்எஃப் என்று நிற்கும். அப்புறம்தான் 256 பைட், 256 பைட்டாக எழுத முடியும். ஆக ஒரே ஒரு பிட்டை 0-விலிருந்து 1 ஆக்க நினைத்தால்கூட அதைச் சுற்றியிருக்கும் 4 கேபியும் ஒரு கணம் வெறுமையாகிறது. அழித்து முடித்து எழுதத் தொடங்கும் அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

சரி, பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பது என்ன? எக்ஸ்86 பிராசசர் தன் முதல் கட்டளையை 4 ஜிபி முகவரி எல்லைக்கு 16 பைட் கீழே தேடும். பயாஸ் பகுதியின் வால் அந்த எல்லையை ஒட்டித்தான் மாட்டப்பட்டிருக்கிறது, அதனால் கோப்பின் கடைசிப் பைட்கள்தான் முதலில் ஓடுகின்றன. (புதிய ஏஎம்டி போர்டுகளில் இது வேறு மாதிரி: பிராசசருக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்புக் கட்டுப்படுத்தி முதலில் எழுந்து, ரேமைத் தயார் செய்துவிட்டுத்தான் மற்றவர்களை எழுப்பும்.) அந்தத் தொடக்க நொடிகளில் ரேம் இன்னும் தயாராகவில்லை. ஆகவே முதல் கட்டக் கோட், யூஇஎஃப்ஐ (இன்றைய பயாஸ்களின் கட்டமைப்பு) மொழியில் பெய் கட்டம், சிப்பிலிருந்தே நேரடியாக ஓடுகிறது. சுருக்கப்படாமல், தனக்கென ஒதுக்கிய முகவரியில் உட்கார்ந்துகொண்டு ஓடுகிறது. ரேம் எழுந்த பிறகு வரும் டிஎக்ஸ்இ கட்டம் அப்படியில்லை. பெரும்பாலும் அது சுருக்கி வைக்கப்பட்டிருக்கும், ரேமில் விரித்து, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஏற்றிக்கொள்ளும்.

பயாஸை மாட் செய்பவர்களுக்கு, அதாவது மாற்றியமைப்பவர்களுக்கு, இந்த வேறுபாட்டைவிட முக்கியமானது வேறு கிடையாது என்பேன். பழைய போர்டில் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்ய ஒரு டிரைவரைச் சேர்ப்பது பலராலும் வெற்றிகரமாகச் செய்ய முடிவதற்குக் காரணம், அந்த டிரைவர் டிஎக்ஸ்இ கட்டத்தில் உட்காருகிறது. பத்து கேபி முன்னே போனாலும் பின்னே போனாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் அதே வேலையில் உங்கள் கருவி தெரியாத்தனமாகப் பெய் பகுதியில் ஒரு மாட்யூலை (தனித்தனி நிரல் துண்டு) 8 பைட் நகர்த்திவிட்டால் போர்டு எழாது. இதில் வம்பே, அந்த நகர்த்தலை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கோப்புகளுக்கு நடுவே வெற்றிடத்தை நிரப்ப பேட் ஃபைல் என்று வைத்திருப்பார்கள், எடிட்டிங் கருவி வால்யூமை, அதாவது அந்தக் கோப்புகளின் தொகுப்பை, மறுபடி கட்டும்போது அதில் ஒன்றை விழுங்கிவிடும் அல்லது புதிதாக ஒன்றைச் செருகிவிடும். கருவி யூஇஎஃப்ஐடூலின் பழைய 0.28 பதிப்பானாலும் சரி, எம்எம்டூல் ஆனாலும் சரி, சேமித்த கோப்பை மூலக் கோப்போடு பக்கத்தில் பக்கத்தில் திறந்து, நீங்கள் தொட்ட வால்யூம் தவிர மற்றவை அப்படியே இருக்கின்றனவா, பேட் ஃபைல்கள் இருந்த இடத்தில் இருந்த அளவில் இருக்கின்றனவா என்று கருவி காட்டும் மர வரிசையை விரித்து விரித்துப் பாருங்கள். ஹெக்ஸில் ஒப்பிட்டால் இன்னும் நல்லது: மாற்றம் ஓரிடத்தில் கட்டாக இருந்தால் நிம்மதி, கோப்பு முழுக்கத் தூவினாற்போல் இருந்தால் அதைச் சிப்பில் எழுதாதீர்கள்.

பிராசசரின் உள் கட்டளைத் திருத்தமான மைக்ரோகோடை மாற்றுவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ரகம். இன்டெல் போர்டுகளில் மைக்ரோகோட் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு முகவரி அட்டவணை உண்டு, ஃபிட் என்பார்கள். புதிய மைக்ரோகோட் பழையதைவிடப் பெரிதாக இருந்து பின்னால் இருப்பவை தள்ளப்பட்டால், அட்டவணை பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். அதையும் திருத்தியாக வேண்டும். செக்சம் எனும் பிழை சரிபார்க்கும் கணக்குகளைப் பெரும்பாலும் கருவிகளே பார்த்துக்கொள்ளும், ஹெக்ஸ் எடிட்டரில் கையால் மாற்றினால் அதுவும் உங்கள் தலையில்தான்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் சில போர்டுகள் எழாது, அது உங்கள் தவறல்ல. 2013-இல் வந்த நான்காம் தலைமுறை கோர் பிராசசர்களோடு இன்டெல் பூட் கார்டு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. போர்டு தயாரிப்பாளர் தன் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச்சாவியின் ஹாஷை, அதாவது அதிலிருந்து கணக்கிட்ட சுருக்க எண்ணை, சிப்செட்டில் (பிராசசருக்குத் துணையாகப் போர்டில் இருக்கும் சிப்) ஃபியூஸாக எரித்துவிடலாம். எரித்தது எரித்ததுதான், மாற்ற முடியாது. அதன்பிறகு பயாஸின் தொடக்கப் பகுதியில் அந்தச் சாவிக்குப் பொருந்தும் டிஜிட்டல் கையெழுத்து இருந்தால்தான் பிராசசர் அதை ஓட்டும். ஏஎம்டியிடமும் இதேபோல ஒன்று உண்டு. தயாரிப்பாளர் இதை முடுக்கியிருக்கிறாரா, எவ்வளவு பரப்பைக் காக்கிறது என்பது போர்டுக்குப் போர்டு வேறுபடும். புதிய யூஇஎஃப்ஐடூல் பதிப்புகள் காக்கப்பட்ட பகுதிகளை வண்ணமிட்டுக் காட்டும், நீங்கள் மாற்ற நினைக்கும் மாட்யூல் அந்த வண்ணத்துக்குள் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சுற்றி வர வழி இருக்கும் என்று நம்பி இரவெல்லாம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

இன்னொரு பூட்டும் இருக்கிறது, எழுதும் பூட்டு. விண்டோஸிலிருந்தோ லினக்ஸிலிருந்தோ சிப்பில் எழுதப் போனால் சிப்செட்டே தடுக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் பல கணினிகளின் பயாஸையே குப்பையால் நிரப்பியதை நினைத்துக்கொண்டால் கோபம் கொஞ்சம் தணியும். தயாரிப்பாளரின் அப்டேட் கருவியும் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மாற்றிய கோப்பை ஏற்க மறுக்கும். சில போர்டுகளில் பின்பக்கம் இருக்கும் யூஎஸ்பி ஃப்ளாஷ்பேக் பொத்தான் பிராசசரே இல்லாமல் ஒரு சின்னக் கட்டுப்படுத்தியை வைத்து எழுதிவிடும், அவற்றில் சில கையெழுத்தைக் கேட்பதில்லை, சில கேட்கும். உங்கள் போர்டில் கேட்காத வகை இருந்தால் அதுவே நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு பதில்.

மற்றவர்களுக்கு அந்தக் கேள்வியின் பதில், போர்டின் தயவில்லாமல் சிப்பை நேரடியாகப் படித்து எழுதும் வெளிப்புற புரோகிராமர். சிஎச்341ஏ என்ற மலிவான ஒன்று எங்கும் கிடைக்கிறது, கூடவே எட்டுக் காலையும் கவ்வும் கிளிப். ஆனால் இதன் கறுப்பு நிற வகையில் ஒரு பழைய கோளாறு: சிப்புக்கு 3.3 வோல்ட் மின்சாரம் தந்துவிட்டு, டேட்டா கம்பிகளில் மட்டும் 5 வோல்ட் அனுப்பும். பலருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடுகிறது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. சிப் தாங்கினாலும் அதே கம்பிகள் போய்ச் சேரும் சிப்செட்டும் தாங்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். மல்டிமீட்டரை வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். 1.8 வோல்ட் சிப்பாக இருந்தால் இடையில் மாற்றும் அடாப்டர் இல்லாமல் கிளிப்பைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பட்டன் செல்லையும் எடுத்துவிட்டு அப்புறம்தான் கவ்வ வேண்டும். சிவப்புக் கம்பி புள்ளி இருக்கும் காலுக்கு.

முதலில் எழுதாதீர்கள், படியுங்கள். இரண்டு முறை படித்து இரண்டு கோப்பின் ஹாஷையும் ஒப்பிடச் சொல்வார்கள், சரிதான், ஆனால் அது போதாது என்று நான் ஒரு பழைய போர்டில் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு டம்ப்பும் (சிப்பிலிருந்து படித்தெடுத்த நகல்) ஒத்துப்போகவில்லை, கிளிப் ஒருபக்கம் நழுவியிருந்தது. சரிசெய்து மறுபடி இரண்டு எடுத்தேன், இப்போது ஹாஷ் அச்சு அசலாக ஒன்று. மகிழ்ச்சியோடு அழிக்கப் போனவன் ஏதோ உறுத்த, கோப்பைத் திறந்து பார்த்தால் முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட் வரை வெறும் எஃப்எஃப். சிப்போடு தொடர்பே ஏற்படவில்லை, வெறுங்காற்றை இரண்டு முறை படித்தால் இரண்டு முறையும் ஒரே காற்றுதான். ஆகவே டம்ப்பை யூஇஎஃப்ஐடூலில் திறந்து வால்யூம்களும் மாட்யூல்களும் பெயரோடு மரமாக விரிகின்றனவா என்று பாருங்கள். இன்டெல் போர்டின் முழு டம்ப் என்றால் 17-ஆவது பைட்டிலிருந்து 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்ற நான்கும் இருக்கும், அதுதான் சிப்பில் எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் டிஸ்கிரிப்டரின் முத்திரை.

இந்த டம்ப்பைத்தான் மாட் செய்ய வேண்டும், இணையத்தில் இறக்கிய கோப்பையோ இன்னொருவர் போர்டின் டம்ப்பையோ அல்ல. ஏனென்றால் உங்கள் போர்டின் சீரியல் எண், யூயூஐடி என்ற அடையாள எண், லேப்டாப் என்றால் விண்டோஸ் சாவி, நெட்வொர்க்கின் மேக் முகவரி எல்லாம் பெரும்பாலும் இந்தச் சிப்பிலேயே இருக்கின்றன. இன்டெல்லின் நெட்வொர்க் பகுதியில் மேக் முகவரிதான் முதல் ஆறு பைட், அந்தப் பகுதியின் முதல் 64 சொற்களை (இரண்டிரண்டு பைட்டாக) கூட்டினால் ஹெக்ஸில் பிஏபிஏ என்று வர வேண்டும் என்பது விதி. பாபா என்று படிக்கும்படி வைத்தவர் யாரோ குறும்புக்காரர். தயாரிப்பாளர் தளத்தில் இருக்கும் கோப்பை அப்படியே சிப்பில் கொட்டுவதில் வேறொரு கண்ணியும் உண்டு. 8 எம்பி சிப்புக்கு 83,88,608 பைட் இருக்க வேண்டிய இடத்தில் சில கோப்புகள் 83,90,656 பைட் இருக்கும். கூடுதலாக இருக்கும் 2,048 பைட் கேப்ஸ்யூல் தலைப்பு, அப்டேட் கருவி படித்துவிட்டு எறிய வேண்டியது. அதோடு சேர்த்து எழுத விட்டால் எல்லாம் 2 கேபி தள்ளி உட்காரும், கடைசி 2 கேபி வெட்டுப்படும், பிராசசர் முதலில் தேடும் இடம் அந்த வாலில்தானே இருந்தது.

எழுதுவதற்கு முன் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரை இடைநிறுத்திவிட்டு அதன் மீட்புச் சாவியை வேறெங்காவது எழுதி வையுங்கள். பயாஸ் மாறினால் டிபிஎம் என்ற பாதுகாப்புக் கூறின் கணக்கும் மாறும், விண்டோஸ் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அப்புறம் அழி, எழுது, சரிபார் என்ற மூன்றும்தான். சரிபார்ப்பில் ஒரு பைட் பிசகினாலும் கிளிப்பைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள், சிப் ஏறக்குறைய 1,00,000 முறை அழிப்பைத் தாங்கும், நீங்கள்தான் முதலில் களைப்பீர்கள்.

கிளிப்பை எடுத்துவிட்டு முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு பதறவைக்கும். எழும், உடனே அணையும், மறுபடி எழும், திரை ஒரு நிமிடம்கூட இருட்டாக இருக்கும். பழைய அமைப்புகள் போய்விட்டதால் ரேமை முதலிலிருந்து பழக்கிக்கொண்டிருக்கிறது, பவர் பட்டனை விட்டு விலகி உட்காருங்கள். திரை வந்ததும் வட்டு இணைப்பான சாட்டாவின் பயன்முறை ராய்டா ஏஎச்சிஐயா என்று முன்பு இருந்தபடி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நம்மை வேறு பக்கம் அலையவிடும்.

அந்தப் பழைய போர்டில் கடைசியில் என்விஎம்இ டிரைவ் தெரிந்தது, ஆனால் பூட் பட்டியலில் அதன் பெயர் பாட்டா எஸ்எஸ் என்றிருந்தது. தப்பாகச் செய்துவிட்டோமோ என்று ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது. ஒன்றுமில்லை, இப்படி ஒரு டிரைவைக் கேள்விப்பட்டே இராத ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸ் அதற்குத் தெரிந்த பெயரை வைக்கிறது, இந்த மாட் செய்த பலரும் பார்ப்பதுதான். விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் ஓடும். பழைய டம்ப்பின் ஒரே பிரதியை மட்டும் அந்த டிரைவுக்கு மாற்றாமல் பென்டிரைவிலேயே விட்டுவைத்தேன், அதன்மேல் போர்டின் பெயரை எழுதி ஒட்டி.