டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த நாலு வரியைப் படியுங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் எல்லோரும் பார்ப்பது மாத்திரை விவரத்தையும் அடுத்து எப்போது வரவேண்டும் என்பதையும்தான். அதற்கு மேலே, நோயாளிக்கு ஏற்கெனவே என்னென்ன வியாதி, எத்தனை வருடமாக என்று நாலு வரி இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் முதலில் தேடுவது அந்த நாலு வரியைத்தான்.

தப்பு எப்படி நுழைகிறது என்றால், நெஞ்சு வலி என்று ராத்திரி ஒருவரைக் கேஷுவாலிட்டிக்குத் தூக்கி வருகிறார்கள், டியூட்டி டாக்டர் "சுகர் எத்தனை வருஷமா?" என்று கேட்க, பதற்றத்தில் நிற்கும் மச்சானோ மருமகனோ "அது இருக்கும் சார் ஒரு பத்து வருஷமா" என்கிறார். உண்மையில் இரண்டு வருடம்தான். கேஸ் ஷீட்டில், அதாவது ஆஸ்பத்திரி வைத்திருக்கும் சிகிச்சைப் பதிவேட்டில், ஏறிய அந்தப் பத்தை ஐ.சி.யூ. டாக்டர் அப்படியே எடுத்து எழுதுவார், அங்கிருந்து கேஷ்லெஸ் (இன்சூரன்ஸ் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும் முறை) படிவத்துக்குப் போகும், கடைசியில் சம்மரியில் வந்து உட்காரும். பாலிசி எடுத்து மூன்று வருடம், சுகர் பத்து வருடம், அப்படியானால் வியாதியை மறைத்துவிட்டார் என்று க்ளெய்ம் நிராகரிக்கப்படும். (2024 விதிகளின்படி, பாலிசி விடாமல் 5 வருடம் ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய இந்தக் காரணம் சொல்லி மறுக்க முடியாது.) எப்போதாவது பீர் குடிப்பவர் 'நாள்பட்ட குடிநோயாளி' ஆவதும் இதே வழியில்தான்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து அலர்ஜி விஷயத்தில் இருக்கிறது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது விடுபட்டுப்போனால் அடுத்த ஆஸ்பத்திரியில் அதையே ஊசியாகப் போட்டுவிடுவார்கள்.

சரி, தப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நர்ஸிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் வேலை நடக்காது. ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), எந்தப் பக்கத்தில் எந்த வரி, சரியான விவரம் என்ன என்று மருத்துவக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதி, சுகர் முதலில் தெரியவந்தபோது எடுத்த லேப் ரிப்போர்ட், பழைய மருந்துச் சீட்டு இவற்றின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கூடவே கேஸ் ஷீட் நகலும் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். சம்மரியை மட்டும் திருத்தி வாங்கிப் போய், கேஸ் ஷீட்டில் பழைய 'பத்து' அப்படியே கிடந்தால் சந்தேகம் இன்னும் கூடும். தள்ளிப்போடவும் வேண்டாம். உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம் வைத்திருந்தாலே விதி நிறைவேறிவிடும், அப்புறம் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

"பழசை அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு அடிச்சுக் கொடுங்க சார்" என்று கேட்பவர்கள் உண்டு, அது முடியாது. பழைய வரி படிக்கும்படி இருக்க, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, டாக்டர் கையெழுத்தும் தேதியும் நேரமும் போடுவதுதான் முறையான திருத்தம். ஒயிட்னர் பட்ட கேஸ் ஷீட்டை எந்தக் கோர்ட்டும் நம்பாது. அதேபோல் நிஜமாகவே பத்து வருடமாகச் சுகர் இருக்கிறவருக்கு 'இரண்டு' என்று எழுதித் தரச் சொன்னால் அதற்குப் பெயர் திருத்தம் இல்லை. எவ்வளவு வேண்டியவர் வந்து கேட்டாலும் நான் எழுதித் தருவதில்லை, வருத்தப்பட்டுக்கொண்டு போகட்டும்.

கணினியில் உள்ள தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமையை 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, படிப்படியாகத்தான் அமலுக்கு வருகிறது. அதுவரை எழுத்தில் கொடுத்த கடிதம்தான் உங்கள் பிடிமானம்.

க்ளெய்ம் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டிருந்தால், ஆஸ்பத்திரி கொடுத்த திருத்தக் கடிதத்துடன் முதலில் கம்பெனியின் குறைதீர்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். தப்பாக வந்த முதல் சம்மரியைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அங்கே இரண்டையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டியிருக்கும்.